பிஞ்சுக் கைகள் கட்டும் குடில்

(திருவருகைக் காலத்தில் வானொலியில் ஒலிபரப்பான மறையுரை)



டிசம்பர் பிறந்ததும் நம் வீடுகளில் இரண்டு கேள்விகள் கேட்கும். "குடில் எப்பம்மா கட்டுவோம்?" என்பது பிள்ளைகளின் கேள்வி. "இந்த வருஷம் துணிமணிக்கும் பலகாரத்துக்கும் என்ன செய்வோம்?" என்பது பெற்றோரின் கேள்வி. இரண்டுமே நியாயமானவை. ஆனால் மூன்றாவது கேள்வி ஒன்று இருக்கிறது. கிறிஸ்து பிறப்பின் செய்தியை இந்தப் பிள்ளைகளுக்கு யார் சொல்வது, எப்படிச் சொல்வது? "மறைக்கல்வி வகுப்பில் சிஸ்டர் சொல்லிக் கொடுப்பாங்க, பூசையில சாமி சொல்லுவாரு" என்று பல வீடுகளில் இருந்துவிடுகிறோம்.

அப்படி இருப்பதற்குக் காரணமும் உண்டு. டிசம்பர் நம் பகுதிக்கு ஓய்வு மாதம் அல்ல. சிவகாசி அச்சகங்களில் வரப்போகிற ஆண்டின் நாள்காட்டிகள் இரவிலும் ஓடிக்கொண்டிருக்கும். அம்மா விடிவதற்குள் சோறு பொங்கித் தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு ஆலைக்குப் புறப்படுகிறார். மாலையில் திரும்பி வந்தால் கையில் ஒட்டிய பவுடரைக் கழுவவும், உலை வைக்கவும், பாத்திரம் துலக்கவுமே பொழுது சரியாகிவிடுகிறது. "கதை சொல்ல எங்கே சாமி நேரம்?" என்று கேட்கிற அந்தத் தாயைக் குறை சொல்ல முடியாது. அவருக்காகத்தான் இன்றைய சிந்தனை. கதையை உட்கார்ந்து சொல்ல நேரம் இல்லையா? கதையைப் பிள்ளையின் கையில் கொடுத்துவிடுங்கள். கை செய்யச் செய்ய வாய் கேட்கும். கேட்கும்போது இரண்டு வார்த்தை சொன்னால் போதும்.

இது புதிய யோசனை அல்ல, விவிலியத்தில் உள்ள வழிதான். விடுதலைப் பயண நூலின் 12ஆம் அதிகாரத்தில் பாஸ்கா விழாவை எப்படிக் கொண்டாட வேண்டும் என்று ஆண்டவர் சொல்கிறார். ஒவ்வொரு வீட்டிலும் ஆட்டுக்குட்டி, புளியாத அப்பம், கசப்புக் கீரை, நிலைக்கதவில் இரத்தம். இத்தனையும் வீட்டில் நடக்கும்போது பிள்ளைகள் "இதற்கு என்ன பொருள்?" என்று கேட்பார்கள், அப்போது ஆண்டவர் நம்மை விடுவித்த வரலாற்றைச் சொல்லுங்கள் என்கிறார். வரிசையைக் கவனியுங்கள். முதலில் செயல், அடுத்து கேள்வி, அதற்குப் பிறகுதான் பதில். நாமோ பல நேரங்களில் பதிலிலிருந்து தொடங்குகிறோம். பிள்ளை கேட்காத கேள்விக்கு நாம் சொல்லும் பதில் அதன் மனத்தில் தங்குவதில்லை.

நாசரேத்து வீட்டில் குழந்தை இயேசுவும் இப்படித்தான் வளர்ந்தார். மரியாவும் யோசேப்பும் ஆண்டுதோறும் பாஸ்கா விழாவுக்கு எருசலேம் சென்றதாக லூக்கா எழுதுகிறார். 12 வயதில் கோவிலில் அறிஞர்கள் நடுவே அமர்ந்து அவர் கேள்வி கேட்டார் என்றால், கேட்கும் பழக்கத்தை வீடு அவருக்குத் தந்திருந்தது என்று பொருள். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964இல் வெளியிட்ட திருச்சபை பற்றிய ஏட்டில் குடும்பத்தை இல்லத் திருச்சபை என்று அழைக்கிறது. பிள்ளைகளுக்கு நம்பிக்கையை முதலில் அறிவிப்பவர்கள் பெற்றோரே என்கிறது. அந்த இல்லத் திருச்சபையில் பெற்றோர்தான் பங்குத்தந்தையும் பங்குத்தாயும்.

குடில் கட்டும் பழக்கமும் கையால் கற்பிப்பதற்காகப் பிறந்ததுதான். 1223ஆம் ஆண்டு இத்தாலியில் கிரேச்சோ என்ற சிற்றூரில் அசிசி நகர்ப் புனித பிரான்சிஸ் கிறிஸ்து பிறப்பு விழாவைக் கொண்டாடினார். விழாவுக்கு இரண்டு வாரம் முன்பே யோவான் என்ற நண்பரை அழைத்து, தீவனத் தொட்டி ஒன்றும் வைக்கோலும் மாடும் கழுதையும் ஏற்பாடு செய்யச் சொன்னார். பெத்லகேமில் பிறந்த பாலன் என்னென்ன இல்லாமல் வருந்தினார் என்பதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்பதே அவருடைய ஆசை. அன்றிரவு ஊர்மக்கள் பந்தங்களும் மெழுகுவர்த்திகளும் ஏந்தி வந்தார்கள். தொட்டியின் மேல் திருப்பலி நடந்தது. திருத்தொண்டரான பிரான்சிஸ் நற்செய்தியைப் பாடினார். அங்கே பளிங்குச் சிலை இல்லை, வண்ண விளக்கு இல்லை. வைக்கோல் வாசனையும் மாட்டின் மூச்சும் இருந்தன. அந்த வைக்கோலைப் பிறகு பத்திரமாக வைத்திருந்து, நோயுற்ற மாடுகளுக்குக் கொடுத்ததாகவும் அவருடைய வரலாற்றை எழுதிய செலானோ தோமா குறிப்பிடுகிறார். மாடு வளர்க்கிற நம் மக்களுக்கு அதன் அருமை புரியும். 2019 டிசம்பர் 1ஆம் நாள் திருத்தந்தை பிரான்சிஸ் அதே கிரேச்சோவுக்குச் சென்று, குடிலின் பொருள் பற்றித் திருமடல் ஒன்றில் கையொப்பமிட்டார். வீடுகளில் குடில் கட்டும் வழக்கம் தாத்தா பாட்டியிடமிருந்தும் பெற்றோரிடமிருந்தும் பிள்ளைகளுக்கு வர வேண்டும் என்று அதில் ஊக்கப்படுத்தினார்.

கிரேச்சோ தூரத்து ஊர்தானே என்று நினைக்க வேண்டாம். கோவில்பட்டிப் பக்கம் காமநாயக்கன்பட்டியில் பணிசெய்த வீரமாமுனிவர் இதையே தமிழில் செய்தார். புனித யோசேப்பை வளன் என்ற பெயரில் தலைவராக்கித் தேம்பாவணி என்ற காப்பியத்தை 3,615 பாடல்களில் பாடினார். பாலஸ்தீன நாட்டை நம் மக்களுக்குத் தெரிந்த வயலும் மலையும் மழையுமாகப் பாடினார். இத்தாலியிலிருந்து வந்தவர் இயேசுவின் கதையைத் தமிழ் மண்ணில் நட்டார் என்றால், இந்த மண்ணில் பிறந்த நாம் கரிசல் மண்ணில் குடில் கட்டத் தயங்கலாமா? கடையில் வாங்கிய பனிப்பஞ்சும் ஊசியிலை மரமும் இல்லாவிட்டால் குடில் ஆகாது என்பதில்லை. சோளத்தட்டையும் பனையோலையும் கம்மங்கதிரும் இருந்தால் போதும். பெத்லகேம் இடையர்களுக்குப் பனிக்கட்டியை விட இவைதாம் பழக்கம்.

சரி, என்ன செய்யலாம்? நம் வீடுகளில் காசு அதிகம் இல்லாமல் செய்யக்கூடிய நான்கு காரியங்களைப் பார்ப்போம்.

முதலாவது, நாள்காட்டி. இந்தியாவின் எத்தனையோ வீட்டுச் சுவர்களில் தொங்கும் நாள்காட்டி நம் ஊரில் அச்சானதுதான். காலையில் தேதி கிழிக்க நம் வீட்டுப் பிள்ளைகளுக்குள் நடக்கும் போட்டியும் நமக்குத் தெரியும். டிசம்பர் 1 முதல் 24 வரை கிழித்த தாளை எறிந்துவிடாதீர்கள். அதன் பின்பக்கத்தில் ஒரு நாளுக்கு ஒரு படம் வரையச் சொல்லுங்கள். ஒருநாள் வானதூதர், ஒருநாள் மரியாவின் வீடு, ஒருநாள் எலிசபெத்தைப் பார்க்கப் போன மலைப்பாதை, ஒருநாள் பெத்லகேமுக்குப் போகும் சாலை, ஒருநாள் இடமில்லாத விடுதி. 24ஆம் தேதி அந்தத் தாள்களைக் கோத்தால் லூக்கா நற்செய்தியின் முதல் இரண்டு அதிகாரங்கள் பிள்ளையின் கைப்படத்தில் இருக்கும். எழுதப் படிக்கத் தெரியாத நான்கு வயதுப் பிள்ளையும் இதைச் செய்யலாம். படம் கோணலாக இருந்தால் திருத்த வேண்டாம், "இது யாரு?" என்று மட்டும் கேளுங்கள்.

இரண்டாவது, தொட்டி. வெறும் தீப்பெட்டி ஒன்றின் உள்பெட்டியை எடுத்துப் பிள்ளையிடம் கொடுங்கள். அதுதான் தீவனத் தொட்டி. களிமண்ணில் கட்டைவிரல் அளவுக்குப் பாலன் செய்தால் அதில் சரியாகப் படுப்பார். ஆனால் பாலனை இப்போதே வைக்கக் கூடாது. தினமும் இரவு செபத்தின்போது, அன்று செய்த ஒரு நல்ல செயலுக்காக ஒரு துண்டு வைக்கோலை நறுக்கி அதில் போட வேண்டும். தம்பிக்குத் தண்ணீர் கொடுத்தது, பாட்டிக்கு ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தது, சண்டை போட்டவனோடு மறுபடி பேசியது, எதுவானாலும் சரி. 24ஆம் தேதி இரவு பாலன் படுக்கும் மெத்தை அதுதான். ஒரு நிபந்தனை உண்டு. அப்பாவும் அம்மாவும் போட வேண்டும். பெரியவர்கள் கணக்கெடுக்க, சிறியவர்கள் மட்டும் நல்லவர்களாக இருக்க வேண்டும் என்றால் அது குடில் அல்ல, பள்ளிக்கூடத்து வருகைப் பதிவேடு. "நீ இன்னைக்கு அடம்பிடிச்ச, வைக்கோல் கிடையாது" என்று தண்டிக்கவும் வேண்டாம். நாம் தகுதியானபின் பாலன் வரவில்லை, நமக்காக வந்தார்.

மூன்றாவது, முளை. முளைப்பாரி நம் மண்ணுக்குத் தெரிந்த ஒன்று. 14ஆம் தேதி வாக்கில் சிறு கொட்டாங்குச்சியில் கரிசல் மண் போட்டு, ஊறவைத்த கேழ்வரகையோ வெந்தயத்தையோ பிள்ளைகள் விதைக்கட்டும். தினமும் தண்ணீர் தெளிக்கட்டும். விழா இரவில் குடிலுக்குப் பசும்புல் தயார். முதல் மூன்று நாள் ஒன்றும் தெரியாது. பிள்ளை மண்ணைக் கிளறிப் பார்க்கும். அப்போது சொல்லுங்கள்: "வெளியே தெரியலைன்னாலும் உள்ளே வேலை நடக்குது. மாதாவும் ஒன்பது மாசம் இப்படித்தான் காத்திருந்தாங்க." திருவருகைக் காலத்தின் இறையியல் முழுவதும் அந்தக் கொட்டாங்குச்சிக்குள் இருக்கிறது.

நான்காவது, பலகாரத் தட்டு. தீபாவளிக்குப் பக்கத்து வீட்டார் நமக்குத் தந்தார்கள், இப்போது நாம் முறுக்கும் அதிரசமும் கொடுக்கிறோம். இந்த ஆண்டு தட்டைப் பெரியவர்கள் தூக்க வேண்டாம், பிள்ளையிடம் கொடுத்து அனுப்புங்கள். பக்கத்து வீட்டு அத்தை கேட்பார், "என்னடா கண்ணு, உங்க வீட்டுல என்ன விசேஷம்?" பிள்ளை சொல்லும், "இயேசு பாலன் பொறந்திருக்காரு. அவருக்கு வீடு கெடைக்கல அத்தை, மாட்டுக் கொட்டகையிலதான் பொறந்தாரு." வானதூதர் இடையர்களிடம் சொன்னதும் ஏறக்குறைய இதுதானே! அந்த ஒரு நிமிடத்தில் பிள்ளை கதையைக் கேட்பவர் என்ற நிலையிலிருந்து சொல்பவர் ஆகிவிடுகிறது. வெறுந்தட்டைத் திருப்பித் தராமல் கொஞ்சம் சர்க்கரையோ பழமோ வைத்து அனுப்புவது நம் ஊர் மரியாதை. கொடுத்தவன் வெறுங்கையோடு திரும்புவதில்லை என்பதையும் பிள்ளை கற்றுக்கொள்ளும்.

அன்பிற்குரியவர்களே, பிள்ளைகளின் கை பற்றி இவ்வளவு பேசும்போது நம் பகுதியின் வரலாற்றை மறக்க முடியாது. 1920களில் சண்முக நாடாரும் அய்ய நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தார்கள். மழை பொய்த்த இந்த வறண்ட பூமிக்கு அது சோறு போட்டது. நன்றியோடு சொல்கிறோம். ஆனால் பல ஆண்டுகள் அந்தத் தொழில் பிள்ளைகளின் கைகளையும் கேட்டது. விடிவதற்கு முன் ஊர் ஊராக வந்து பிள்ளைகளை ஏற்றிச் சென்ற பேருந்துகளை இன்றைய பாட்டிமார் பலர் மறக்கவில்லை. அவர்களே அதில் ஏறிப் போனவர்கள். சிவகாசித் தீப்பெட்டித் தொழிலில் பிள்ளைகள் வேலை செய்வது பற்றிய வழக்கில் 1996 டிசம்பர் 10ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அபாயகரமான தொழிலில் பிள்ளையை வைத்திருந்தால் ஒரு பிள்ளைக்கு 20,000 ரூபாய் நலநிதிக்குச் செலுத்த வேண்டும், அந்தப் பிள்ளை பள்ளிக்குப் போக வேண்டும் என்றது. அந்தத் தீர்ப்பும் ஒரு திருவருகைக் காலத்தில்தான் வந்தது.

குரோஸ் கணக்கில் தீப்பெட்டி ஒட்டிய அந்தப் பாட்டியின் கைதான், இன்று பேத்தியின் கைக்கு ஒரு வெறும் தீப்பெட்டியைக் கொடுக்கிறது. இந்தப் பெட்டிக்குக் கூலி இல்லை, கணக்கு இல்லை, மேஸ்திரி இல்லை. இதில் ஆண்டவர் படுப்பார். பாட்டியே பேத்தியின் அருகில் உட்கார்ந்து, "நான் உன் வயசுல இதையேதான் ஒட்டினேன், அப்ப எனக்கு விளையாட நேரமில்ல" என்று சொல்லட்டும். அதுவும் கிறிஸ்து பிறப்பின் கதைதான். எளியவரை உயர்த்துகிற ஆண்டவரை மரியா பாடியது இப்படிப்பட்ட கைகளை நினைத்துத்தான்.

நெருப்பைப் பற்றி ஒரு வார்த்தை. தீப்பெட்டியும் கைபேசியும் பட்டாசு ஆலைக்குள் கொண்டுபோகக் கூடாது என்பது நமக்குத் தெரியும். அந்தக் கவனம் வீட்டுக் குடிலுக்கும் வேண்டும். வைக்கோலுக்கும் காகித நட்சத்திரத்துக்கும் பக்கத்தில் மெழுகுவர்த்தி வேண்டாம். திருவருகைக் கால மெழுகுவர்த்தியைப் பெரியவர் ஏற்றட்டும், பிள்ளை செபம் சொல்லட்டும். வேலைசெய்யும் இடத்திலிருந்து எந்த மருந்தும் திரியும் வீட்டுக்கு வரக் கூடாது. விழா இரவில் வெடித்தால்தான் கிறிஸ்மஸ் என்று பிள்ளைகள் நினைத்துவிடவும் கூடாது. வயலில் இருந்த இடையர்களைச் சுற்றி ஒளி சூழ்ந்தது, ஒருவருக்கும் காயமில்லை. ஆண்டவருடைய வெளிச்சம் அப்படிப்பட்டது.

இனிச் சொல்லப்போவது எல்லாவற்றையும்விட முக்கியமானது.

ஒரு வீட்டில் சாவு நடந்தால் ஓராண்டுக்குப் பண்டிகை கொண்டாடுவதில்லை என்பது நம் வழக்கம். புதுத்துணி இல்லை, பலகாரம் சுடுவதில்லை, நட்சத்திரம் கட்டுவதில்லை. துக்கத்தை மதிக்கிற வழக்கம் அது, அதைக் குறைத்துப் பேசவில்லை. ஆனால் நம் பகுதியில் துக்க வீடுகள் அடிக்கடி உண்டாகின்றன. 2012 செப்டம்பர் 5ஆம் நாள் முதலிப்பட்டியில் நடந்த வெடிவிபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதற்குப் பிறகும் ஆண்டு தவறாமல் ஏதாவது ஒரு ஊரில் சங்கு ஊதுகிறது. அந்த வீடுகளிலும் ஐந்து வயதுப் பிள்ளைகள் இருக்கிறார்கள். தெருவெல்லாம் நட்சத்திரம் தொங்கும்போது தன் வீட்டு வாசல் மட்டும் ஏன் இருட்டாக இருக்கிறது என்று அந்தப் பிள்ளைக்குப் புரியாது. அப்பாவும் போய்விட்டார், இயேசு பாலனும் இந்த வருஷம் எங்கள் வீட்டுக்கு வரமாட்டார் என்றுதான் அது புரிந்துகொள்ளும்.

அது உண்மையா? நற்செய்தியை எடுத்துப் பாருங்கள். பாலன் பிறந்தது கொண்டாட்ட வீட்டில் அல்ல. இடம் கிடைக்காத ஒரு குடும்பத்தில், ஊரைவிட்டு ஊர் வந்த இடத்தில் பிறந்தார். சில நாளில் ஏரோதுக்குப் பயந்து எகிப்துக்கு ஓடினார்கள். பெத்லகேமின் தாய்மார் பிள்ளைகளைப் பறிகொடுத்து அழுதார்கள். அந்த மாசில்லாக் குழந்தைகளின் விழாவைக் கிறிஸ்மஸ் முடிந்த மூன்றாம் நாளே, டிசம்பர் 28இல், திருச்சபை கொண்டாடுகிறது. துக்கம் இந்தக் கதைக்கு வெளியே இல்லை, உள்ளேயே இருக்கிறது. ஆகவே, அன்பிற்குரியவர்களே, துக்க வீட்டில் பலகாரம் சுடாமல் இருங்கள், புதுத்துணி எடுக்காமல் இருங்கள். ஆனால் பிள்ளைகளின் குடிலை நிறுத்தாதீர்கள். குடில் ஆடம்பரம் அல்ல. அழுகிற வீட்டுக்குக் கடவுள் வந்தார் என்று சொல்லும் விசுவாச அறிக்கை அது.

அந்தத் தாய்க்கு எழுந்து செய்யத் தெம்பு இருக்காது. அங்கேதான் அன்பியத்தின் வேலை. உங்கள் அன்பியத்தில் அப்படி ஒரு வீடு இருந்தால், இந்த வாரமே உங்கள் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போங்கள். அறிவுரை சொல்ல வேண்டாம். இரண்டு சோளத்தட்டை, ஒரு கொட்டாங்குச்சி முளை, ஒரு வெறும் தீப்பெட்டி எடுத்துப் போங்கள். பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து சேர்ந்து கட்டட்டும். அந்த வீட்டுப் பிள்ளை புனித யோசேப்பின் உருவத்தைக் கையில் வைத்துக்கொண்டு அப்பாவைப் பற்றிக் கேட்டால், பேச்சை மாற்றாதீர்கள். "உன் அப்பா ஆண்டவரிடம் இருக்கிறார். யோசேப்பு அப்பா இங்கே உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்" என்று சொல்லுங்கள். பிள்ளை அழுதால் அழட்டும். குடிலின் முன் அழலாம். டிசம்பர் 28ஆம் தேதி அந்த வீட்டிலேயே கூடி, ஆலைகளில் உயிரிழந்தவர்களுக்காகவும் அவர்களுடைய பிள்ளைகளுக்காகவும் ஒரு பத்து மணி செபமாலை சொல்லுங்கள்.

ஆண்டவர் இடையர்களுக்குக் கொடுத்த அடையாளம் துணியில் சுற்றிய ஒரு குழந்தை. கையில் எடுத்துத் தூக்கக்கூடிய அளவுக்குக் கடவுள் சிறியவரானார். ஆகவே சிறிய கைகளுக்கு அவரைக் கொடுக்க நாம் அஞ்ச வேண்டாம். எந்தப் பிள்ளையின் கையும், நம் ஊரில், இந்த ஆண்டு, வெறுமையாக இருக்க வேண்டாம்.

செபிப்போம். குழந்தையாக வந்த இயேசுவே, உழைத்துக் களைத்த எம் பெற்றோரின் கைகளையும், விளையாடும் எம் பிள்ளைகளின் கைகளையும், ஒரு காலத்தில் விளையாட முடியாமல் போன எம் பாட்டிமாரின் கைகளையும் ஆசீர்வதியும். ஆலைகளில் வேலைசெய்வோர் அனைவரும் மாலையில் நலமாக வீடு திரும்பச் செய்யும். திரும்பாதவர்களின் வீட்டில் நீரே வந்து தங்கும். ஆமென்.